யாருக்காகக் கேட்கிறாய்?

2131623937. பார்த்தால் கைப்பேசி எண் போலத் தெரிகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இது ஒரு முகவரி. ஒரு செயலிக்குள் இந்த எண்ணில் 'வணக்கம்' என்ற சொல் குடியிருக்கலாம். அதே கைப்பேசியில் உள்ள வங்கிச் செயலிக்குள் இதே எண்ணில் 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்ற வாக்கியம் இருக்கலாம். மூன்றாவது செயலியில் அது சொல்லாகவே இல்லாமல் ஒரு பொத்தானின் பச்சை நிறமாக இருக்கலாம். மூன்று செயலிகளும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் வங்கிச் செயலி உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

செயலியில் நாம் காணும் சொற்கள், படங்கள், நிறங்கள், திரை அமைப்புகள் எல்லாவற்றையும் நிரலிலிருந்து பிரித்துத் தனியே வைப்பது ஆண்ட்ராய்டின் வழக்கம். செயலியைக் கட்டி முடிக்கும்போது அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு 32 பிட் எண் கிடைக்கும். முதல் 8 பிட் எந்தத் தொகுப்பு என்பதைச் சொல்லும். அடுத்த 8 பிட் அது சொல்லா படமா நிறமா என்ற வகை. மீதி 16 பிட் அந்த வகைக்குள் வரிசை எண். வேடிக்கை முதல் 8 பிட்டில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு அமைப்புக்கே சொந்தமானவற்றுக்கு அந்த இடத்தில் 1 வரும். செயலிகளுக்கு 127. உங்கள் கைப்பேசியில் 80 செயலிகள் இருந்தால் எண்பதுக்கும் அதே 127தான். ஊரில் தெருவுக்குத் தெரு 12-ஆம் எண் வீடு இருக்கிறதல்லவா, அந்தக் கதைதான். தபால்காரரிடம் 12 என்று மட்டும் சொன்னால் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். எந்தத் தெரு என்று சொல்ல வேண்டும்.

தெருவைச் சொல்லும் பொருளை ஆண்ட்ராய்டு நிரலர்கள் காண்டெக்ஸ்ட் என்கிறார்கள். சொற்களை எடுத்துத் தருவது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவே. கோப்பு எழுத எந்தக் கோப்புறை என்று அதைத்தான் கேட்க வேண்டும். இருப்பிடம் அறிவது, அறிவிப்பு அனுப்புவது, வேறொரு திரையைத் திறப்பது, பயனர் அனுமதி தந்திருக்கிறாரா என்று பார்ப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை ஃபங்ஷன் என்பார்கள், அத்தகைய துண்டுகளைத் தொகுத்து வைப்பது கிளாஸ். நூற்றுக்கும் மேற்பட்ட ஃபங்ஷன்களைச் சுமக்கிற கிளாஸ் அது.

ஆண்ட்ராய்டு கற்பவர்களில் பலர் தொடக்கத்திலேயே இந்த எண் விவகாரத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் விளையாட்டுச் செயலி எழுதுகிறார். ஆட்டக்காரரின் மதிப்பெண் 5. அந்த 5-ஐ அப்படியே திரையில் காட்டச் சொல்கிறார். செயலி பொத்தென்று விழுந்துவிடுகிறது. எழுத்து வர வேண்டிய இடத்தில் எண்ணைக் கொடுத்தால் ஆண்ட்ராய்டு அதை முகவரி என்று எடுத்துக்கொள்ளும். 5 என்ற முகவரியில் எந்தச் சொல்லும் இல்லாததால் கையை விரித்துவிடும். அதே 5-ஐ எழுத்தாக மாற்றிக் கொடுத்தால் சாதுவாகக் காட்டும்.

சரி, காண்டெக்ஸ்ட் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? எல்லோராலும் எடுக்க முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எந்தச் செயலியைத் திறந்து பார்த்தாலும் எடுபிடி வேலைக்கென்று சில கிளாஸ்கள் இருக்கும். யூட்டிலிட்டி கிளாஸ் என்பார்கள், ஹெல்பர் என்பாரும் உண்டு. தேதியை ஒழுங்காகக் காட்டுவது, கைப்பேசி எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற சில்லறை வேலைகள் அங்கே போய்ச் சேரும். அவற்றில் பெரும்பாலும் 'எவ்வளவு நாளுக்கு முன்' என்று சொல்லும் ஃபங்ஷன் ஒன்று இருக்கும். செய்தி வந்த நேரத்தைக் கொடுத்தால் '3 நாட்களுக்கு முன்' என்று திருப்பித் தரும். வெறும் கழித்தல் கணக்கு. விடை 3 என்று வந்தபிறகுதான் வில்லங்கம். 'நாட்களுக்கு முன்' என்ற சொற்கள் தனியே உள்ள சொற்கோப்பில் இருக்கின்றன. அதைத் திறக்கக் காண்டெக்ஸ்ட் வேண்டும். யூட்டிலிட்டி கிளாஸிடம் அது இல்லை.

சொல்லை நிரலிலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரே மொழியில் ஓடும் செயலிக்கு அது சரிப்படும். யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். என்ற மொழித் தரவுத் தொகுப்பின்படி, எண்ணோடு சேர்ந்து வரும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வடிவங்கள்: 1 நாள், 3 நாட்கள். ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும். அரபு மொழிக்கு ஆறு வேண்டும். பயனர் எந்த மொழியில் இருக்கிறார், 3 என்ற எண்ணுக்கு அந்த மொழியில் எந்த வடிவம் என்பதையெல்லாம் அந்தக் கழித்தல் கணக்கு எப்படி அறியும்?

சொல்லுக்கு மட்டும் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம், நீளத்துக்கும் உண்டு. ஆண்ட்ராய்டில் பொத்தானின் உயரத்தைத் திரைப் புள்ளிகளில் சொல்வதில்லை. அங்குலத்துக்கு 160 புள்ளிகள் உள்ள திரையை அளவுகோலாக வைத்து, அதில் ஒரு புள்ளி அளவை ஓர் அலகாகக் கொண்டு சொல்கிறார்கள். விரலால் தொடும் பொத்தான் குறைந்தது 48 அலகு இருக்கட்டும் என்பது கூகுளின் பரிந்துரை. 160 புள்ளித் திரையில் அது 48 புள்ளி, 480 புள்ளித் திரையில் 144 புள்ளி. இந்த மாற்றத்தைச் செய்யும் ஒருவரி ஃபங்ஷனை எழுதாத ஆண்ட்ராய்டு நிரலர் குறைவு. அதுவும் போய் நிற்பது காண்டெக்ஸ்டின் வாசலில்தான். இந்தக் கைப்பேசியின் திரை எவ்வளவு நெருக்கமானது என்று வேறு யாரைக் கேட்பது?

திரையை நடத்தும் ஆக்டிவிட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆக்டிவிட்டியே ஒரு காண்டெக்ஸ்ட். பின்னணியில் ஓடும் சர்வீஸும் ஒரு காண்டெக்ஸ்ட். செயலி முழுமைக்கும் ஒன்றாக இருக்கும் அப்ளிகேஷன் என்ற பொருளும் அப்படியே. இவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஒரு செயலி பிறக்கும் நொடிக்குப் போக வேண்டும். எனக்கு ஆண்ட்ராய்டில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

கைப்பேசி விழித்தெழும்போதே சைகோட் என்றொரு நிரல் ஓடத் தொடங்குகிறது. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகத் தேவைப்படும் ஆயிரக்கணக்கான கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு அது காத்திருக்கும். நீங்கள் ஒரு செயலியின் படத்தைத் தொட்டதும் தன்னைப் போலவே ஒரு பிரதியைப் பிரித்துவிடும். அந்தப் பிரதிதான் உங்கள் செயலியாக மாறப்போகிறது. இரண்டும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். யாராவது ஒருவர் எழுதி மாற்றினால்தான் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிப் படி எடுக்கப்படும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தால் ஆகும் நேரம் இதனால் மிச்சமாகிறது.

பிரியும்போதே பிரதிக்கு ஒரு பயனர் எண் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் இருக்க ஆளுக்கொரு எண் தரும் வழக்கம் யூனிக்ஸில் இருந்தது. லினக்ஸ் அதைப் பின்பற்றியது. ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கைப்பேசி ஒரே ஆளுடையது, செயலிகள்தான் பல. ஆகவே செயலிகளையே ஆட்களாகக் கருதி 10000-இலிருந்து தொடங்கும் எண்களை அவற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் புகைப்படச் செயலிக்கும் உங்கள் வங்கிச் செயலிக்கும் நடுவே இருப்பது, ஒரு பல்கலைக்கழகக் கணினியில் இரண்டு மாணவர்களுக்கு நடுவே அந்நாளில் எழுப்பப்பட்ட அதே சுவர்.

இப்படி எண்ணோடு பிறந்த பிரதிக்குத் தான் எந்தச் செயலியாக வாழ வேண்டும் என்பது இன்னும் தெரியாது. அது கைப்பேசியை நிர்வகிக்கும் மைய நிரலைத் தொடர்பு கொண்டு, நான் தயார் என்கிறது. நீ இன்ன செயலி, உன் நிரல் இங்கே இருக்கிறது, உன் கோப்புறை இது, இப்போதைய மொழி இது, திரை இது என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை வைத்துத்தான் முதல் காண்டெக்ஸ்ட் உருவாகிறது. அது அப்ளிகேஷன் பொருளின் உள்ளே வைக்கப்படுகிறது. பிறகு திரை திறக்கும்போது ஆக்டிவிட்டி உருவாகி, அதற்கென்று தனியாக ஒரு காண்டெக்ஸ்ட் உள்ளே வைக்கப்படுகிறது. ஆக்டிவிட்டியை நிரலர் தாமே உருவாக்கிக்கொள்ளலாமே என்றால், உருவாகும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு சொல்லைக் கேட்டாலும் செயலி விழுந்துவிடும்.

காண்டெக்ஸ்ட் கையில் இருந்தால் அதிகாரம் கையில் இருப்பதாக எண்ணிவிடவும் கூடாது. ஒருவர் போலியாக ஒரு காண்டெக்ஸ்டைச் செய்து, 'நான் வங்கிச் செயலி' என்று அதன் வாயால் சொல்ல வைக்கலாம். அதனால் பயன் ஏதும் கிடைக்காது. கோப்பைத் திறக்கும்போது லினக்ஸ் பார்ப்பது பயனர் எண்ணைத்தான். அதை மாற்றச் செயலியால் முடியாது.

இனி நம் எடுபிடி கிளாஸுக்கு வருவோம். அதற்குக் காண்டெக்ஸ்ட் வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதும் மொழிகளில் ஒன்றான ஜாவாவில் ஸ்டேடிக் என்றொரு வகை மாறி இருக்கிறது. அதில் வைத்தது நிரலின் எந்த மூலையிலிருந்தும் கிடைக்கும். ஆக்டிவிட்டி திறந்ததும் தன்னையே அதில் வைத்துவிட்டால் தீர்ந்தது, இனி யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். செய்து பார்த்தால் வேலையும் செய்யும். அதனால்தான் ஆபத்து.

கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பும்போது திரை ஒரு கணம் தயங்கிப் புதிதாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்தில், செயலி எழுதியவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பழைய ஆக்டிவிட்டி முழுவதுமாக அழிக்கப்பட்டு வேறொன்று கட்டப்படுகிறது. அகலத் திரைக்கு வேறு அமைப்பு, வேறு படங்கள் இருக்கலாம். பழையதை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகக் கட்டுவது எளிது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. மொழியை மாற்றினாலும் இதே கதை. இரவுத் தோற்றத்துக்கு மாறினாலும் இதே கதை. ஒரு ஆக்டிவிட்டியின் ஆயுள் சில நொடிகளாகக்கூட இருக்கலாம்.

அழிப்பது என்றால் என்ன? ஜாவாவில் நினைவகத்தை யாரும் கையால் விடுவிப்பதில்லை. லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இருக்கும் யோசனைதான் இங்கும் வேலை செய்கிறது: உயிரோடு உள்ள இடங்களிலிருந்து சங்கிலி பிடித்துப் போய்ச் சேர முடிகிற பொருள்கள் இருக்கட்டும், சேர முடியாதவை குப்பை. ஸ்டேடிக் மாறி எப்போதும் உயிரோடு இருக்கும் இடம். அதில் ஆக்டிவிட்டியின் முகவரி இருந்தால், குப்பை அள்ள வருபவர் அதைத் தொடமாட்டார். பயனரைப் பொறுத்தவரை அந்தத் திரை போய்விட்டது. நினைவகத்தில் அது தன் பொத்தான்கள், பட்டியல்கள், படங்கள் அத்தனையோடும் உட்கார்ந்திருக்கிறது. எடுபிடி கிளாஸ் ஒரே ஒரு ஆக்டிவிட்டியைப் பிடித்து வைத்திருந்தால் நட்டம் ஒரு திரையோடு நிற்கும். திறக்கும் ஒவ்வொன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகிற கிளாஸ் என்றால், திருப்பும்தோறும் ஒரு செத்த திரை சேரும்.

இந்த நட்டம் எவ்வளவு பெரியது? முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான டி-மொபைல் ஜி1 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் மொத்த நினைவகம் 192 எம்பி. ஒரு செயலியின் பொருள்களுக்கென ஒதுக்கியது 16 எம்பி. அதன் திரை 320-க்கு 480 புள்ளிகள். திரை நிறைய ஒரு படம் வைத்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம், 6 லட்சம் பைட்டுக்கு மேல். இன்று பரவலாக உள்ள 1080-க்கு 2400 திரையில் அதே கணக்கு ஒரு கோடி பைட்டைத் தாண்டுகிறது. நினைவகம் வளர்ந்தது, படங்களும் கூடவே வளர்ந்தன.

ஜி1 வந்த சில மாதங்களிலேயே, 2009 ஜனவரியில், ஆண்ட்ராய்டு குழுவில் இருந்த ரொமேன் கை இந்தச் செத்த திரைகள் பற்றி எழுதினார். அதில் அவர் காட்டிய எடுத்துக்காட்டு நுட்பமானது. நிரலர் ஆக்டிவிட்டியை ஸ்டேடிக்கில் வைக்கவில்லை. பின்னணிப் படம் ஒன்றை மட்டும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் மறுபடி ஏற்ற வேண்டாமே என்று, அதில் வைத்தார். படம் தன்னைக் காட்டும் எழுத்துப்பெட்டியை நினைவில் வைத்திருந்தது. எழுத்துப்பெட்டி தன் ஆக்டிவிட்டியை நினைவில் வைத்திருந்தது. சங்கிலி முழுமையாகிவிட்டது. ஆண்ட்ராய்டே பின்னாளில் படத்துக்கும் பெட்டிக்கும் இடையிலான அந்தக் கண்ணியைத் தளர்த்திவிட்டது என்றாலும், பாடம் பழசாகவில்லை.

கட்டணம் வசூலிக்கும் செயலியை நடத்திய ஸ்கொயர் நிறுவனம் இதே நோயை வேறு வழியாகக் கண்டது. வாடிக்கையாளர் திரையில் விரலால் கையெழுத்திட வேண்டும். அதற்குத் திரை அளவுக்கு ஒரு படப்பரப்பு தேவை. அதை உருவாக்கும் இடத்தில் செயலி நினைவகம் போதாமல் விழுந்துகொண்டிருந்தது. குற்றவாளி கையெழுத்துப் பரப்பு அல்ல. ஏற்கெனவே எங்கெங்கோ சேர்ந்திருந்த செத்த திரைகள் இடத்தை அடைத்திருந்தன, பெரிய இடம் கேட்டவர் மாட்டிக்கொண்டார். இதைப் பிடிக்க அங்கிருந்த பியர்-ஈவ் ரிக்கோ எழுதிய கருவி லீக்கனரி. 2015-இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். அழிக்கப்பட்ட ஆக்டிவிட்டியைக் கனமில்லாத ஒரு நூலால் கட்டிவைத்து, 5 நொடி பொறுத்து, அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எந்தச் சங்கிலி அதைப் பிடித்திருக்கிறது என்று கண்ணி கண்ணியாகக் காட்டிக்கொடுக்கும். தங்கள் செயலியில் நினைவகம் போதாமல் விழுவது இதனால் 94 விழுக்காடு குறைந்தது என்கிறது அந்தக் குழு. நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சு வாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்த கனரிக் குருவியின் பெயர்தான் கருவிக்கு. பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகளுக்கு 1986-இல்தான் ஓய்வு கொடுத்தார்கள்.

ஆக்டிவிட்டி சாகும் என்பதுதான் பிரச்சினை என்றால், சாகாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமே? அப்ளிகேஷன் பொருள் செயலி ஓடும்வரை இருக்கும். அதைப் பிடித்து வைத்தால், செத்த திரைகள் நினைவகத்தில் தேங்கும் ஒழுகல் இல்லை. எந்தக் காண்டெக்ஸ்டிடமும் 'உன் அப்ளிகேஷனைக் காட்டு' என்று கேட்டால் காட்டும். எடுபிடி கிளாஸுக்கு அப்ளிகேஷன் காண்டெக்ஸ்டைக் கொடு என்பதுதான் அனுபவமுள்ளவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. கோப்பு எழுதவும் தரவுத்தளம் திறக்கவும் இணையத்தைச் சோதிக்கவும் அது முழுக்கப் பொருந்தும். அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் குறை.

அப்ளிகேஷன் காண்டெக்ஸ்ட் எந்தத் திரையையும் சேர்ந்ததல்ல. அதை வைத்து ஒரு சாதாரண உரையாடல் பெட்டியைத் திறக்கப் பார்த்தால், எந்தத் திரையின்மேல் என்று தெரியாமல் செயலி விழும். அதை வைத்துப் பொத்தானை உருவாக்கினால், அந்தத் திரைக்கென்று தேர்ந்தெடுத்த வண்ணமும் எழுத்துருவும் வராமல் போகலாம். வேறொரு திரையைத் திறக்கச் சொன்னால், இது எதன் தொடர்ச்சி என்று புரியாமல், புதிய வரிசையாகத் தொடங்கு என்று தனியே சொல்லும்வரை மறுத்துவிடும். விழுகிற பிழைகள் நல்ல பிழைகள், உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தவறான விடை தருபவைதான் தொல்லை. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளை அருகருகே காட்டத் தொடங்கியது. பிறகு மடிக்கும் கைப்பேசிகள் கடைக்கு வந்தன. கைப்பேசியை வெளித் திரையோடு இணைப்பவர்களும் உண்டு. ஒரே செயலியின் இரண்டு திரைகள் இரண்டு நெருக்கங்களில் இருக்கக்கூடிய காலத்தில், 'திரையின் அளவு என்ன' என்று அப்ளிகேஷனிடம் கேட்டால் வருகிற விடை வேறு ஏதோ ஒரு திரைக்கு உரியதாக இருக்கலாம்.

தமிழில் செயலி பயன்படுத்துபவர்கள் இந்தப் பிழையைப் பெயர் தெரியாமலே சந்தித்திருப்பார்கள். கைப்பேசியின் மொழி ஆங்கிலம். செயலிக்குள் மொழித் தேர்வு இருக்கிறது, தமிழைத் தேர்கிறீர்கள். திரைகள் எல்லாம் தமிழுக்கு மாறுகின்றன. ஆனால் மேலிருந்து இறங்கும் அறிவிப்போ, கீழே மின்னி மறையும் சிறு செய்தியோ ஆங்கிலத்திலேயே வருகிறது. தமிழ்ச் சொற்கள் செயலிக்குள் டி.ஏ. என்ற ஈரெழுத்துக் குறியிட்ட கோப்புறையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்கவில்லை. செயலி எழுதியவர் ஆக்டிவிட்டியின் காண்டெக்ஸ்டுக்குத் தமிழ் உறை மாட்டினார். அறிவிப்பை உருவாக்கிய எடுபிடி கிளாஸ் அப்ளிகேஷன் காண்டெக்ஸ்டைக் கேட்டது. அதற்குக் கைப்பேசியின் மொழிதான் தெரியும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, செயலிக்குச் செயலி மொழியைத் தேர்ந்துகொள்ளும் வசதியை அமைப்பிலேயே வைத்தது. அதற்கு முந்தைய கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐஃபோன் நிரலர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே செயலி என்ற ஒற்றைப் பொருளை எங்கிருந்தும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். சொற்களை எடுக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஏன் அப்படி ஒரு வசதியைத் தரவில்லை? பிடிவாதம் இல்லை, காரணம் இருக்கிறது. சைகோட்டிலிருந்து பிரிந்து ஓடும் பிரதியை ஓடுகளம் என்போம். ஆண்ட்ராய்டில் ஓடுகளம் வேறு, செயலி வேறு. ஒரே நிறுவனம் கையொப்பமிட்ட இரண்டு செயலிகள் ஒரே ஓடுகளத்தில் குடியிருக்க முதலிலிருந்தே இடம் இருந்தது. அந்த ஏற்பாட்டைக் கைவிடச் சொல்லி கூகுள் அறிவித்தது 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோதுதான். மறுபுறம், ஒரே செயலி தன் பகுதிகளை இரண்டு ஓடுகளங்களில் ஓட்டலாம். அப்போது அப்ளிகேஷன் பொருளும் இரண்டு, ஸ்டேடிக் மாறியும் இரண்டு. ஒன்றில் வைத்ததை மற்றொன்று அறியாது. போதாததற்கு, ஒரு செயலி வேறொரு செயலியின் காண்டெக்ஸ்டைக் கேட்டு வாங்கி அதன் படத்தையோ பெயரையோ எடுக்கவும் வழி இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் 'செயலியைக் கொடு' என்றால் 'எதை' என்ற கேள்வி வராமல் இருக்காது.

ஆப்பிளின் சிரிப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2019-இல் ஐபேடில் ஒரே செயலிக்குப் பல சன்னல்கள் வந்தன. 'திரையைக் கொடு' என்று பொதுவாகக் கேட்ட பழைய நிரல்களுக்கு அங்கும் 'எந்தத் திரை' என்ற கேள்வி வந்து சேர்ந்தது.

கேள்வி பிடிக்காதவர்கள் சுற்றுவழிகளைக் கண்டுபிடித்தபடியே இருந்தார்கள். ஓடுகளத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஃபங்ஷனைக் குறுக்கு வழியில் அழைத்து அப்ளிகேஷனைப் பறித்துக்கொள்வது ஒன்று. இத்தகைய உள்வழிகளுக்கு 2018-இல் ஆண்ட்ராய்டு 9 கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கியது. இன்னொன்று சட்டப்படியானது, கெட்டிக்காரத்தனமானது. செயலிகள் தரவைப் பகிர்ந்துகொள்ளக் கன்டென்ட் புரொவைடர் என்றொரு பகுதி இருக்கிறது. அதை அமைப்பே உருவாக்கி, நிரலரின் அப்ளிகேஷன் தன் வேலையைத் தொடங்குவதற்கும் முன்பே எழுப்பி, கையில் ஒரு காண்டெக்ஸ்டைக் கொடுத்துவிடுகிறது. பகிர எந்தத் தரவும் இல்லாமலே, அந்தக் காண்டெக்ஸ்டுக்காக மட்டும் ஒரு புரொவைடரை அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது. கூகுளின் ஃபயர்பேஸ் அதைச் செய்தது. லீக்கனரியும் தன் இரண்டாம் பதிப்பில் அதையே செய்தது. நூலகத்துக்கொரு வெற்றுப் புரொவைடர் என்று பெருகிப்போய்ச் செயலிகள் திறப்பது மெதுவாகவே, எல்லாவற்றையும் ஒரே புரொவைடரில் அடக்கும் ஆப் ஸ்டார்ட்டப் என்ற நூலகத்தை 2020-இல் கூகுளே வெளியிட வேண்டியிருந்தது.

சுற்றுவழி எதுவும் இல்லாத வழி ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது: கேட்பது. எடுபிடி ஃபங்ஷன் தனக்குக் காண்டெக்ஸ்ட் வேண்டும் என்பதைத் தன் முதல் வரியிலேயே சொல்லட்டும். அழைப்பவர் கொடுக்கட்டும். திரையிலிருந்து அழைத்தால் திரையின் காண்டெக்ஸ்ட் வரும், மொழி சரியாக இருக்கும், நெருக்கம் சரியாக இருக்கும். வேலை முடிந்ததும் அது போய்விடும், ஒழுகாது. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய கிளாஸ் என்றால், யார் எதைக் கொடுத்தாலும் அதிலிருந்து அப்ளிகேஷனை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். 2020-இல் வந்த ஹில்ட் போன்ற கருவிகள் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாமே செய்துவிடுகின்றன. எனக்கு அப்ளிகேஷன் காண்டெக்ஸ்ட் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் காண்டெக்ஸ்டைச் சுமந்து திரிவது அலுப்பு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அலுப்புதான். ஆனால் ஒரு ஃபங்ஷன் எதை நம்பியிருக்கிறது என்பது அதன் முகப்பிலேயே எழுதியிருப்பதன் மதிப்பு, வேறொருவர் எழுதிய செயலியை இரண்டு ஆண்டு கழித்துத் திருத்த உட்காரும்போது தெரியும்.

இன்னும் நல்ல வழி, அதிகம் பேசப்படாதது, எடுபிடி கிளாஸைக் காண்டெக்ஸ்டே தேவைப்படாதபடி வைப்பது. '3 நாட்களுக்கு முன்' என்று அது சொல்ல வேண்டியதில்லை. 3 என்று சொன்னால் போதும். அதைச் சொல்லாக்கும் வேலை திரையுடையது. திரைக்குத்தான் யாரிடம் எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியும். அப்படிப் பிரித்த கணக்கைக் கைப்பேசி இல்லாமலே, மேசைக் கணினியில் நொடிப்பொழுதில் சோதித்துவிடலாம். நான் பார்த்தவரை, காண்டெக்ஸ்ட் வேண்டும் என்று அடம்பிடிக்கும் யூட்டிலிட்டி கிளாஸ்களில் பாதிக்கு மேல் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழைத்தவை.

நீங்கள் நிரலர் இல்லை என்றாலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழுக்கு மாற்றிய செயலியில் ஏதோ ஓர் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். மொழிபெயர்ப்பு விடுபட்டிருக்கலாம், அல்லது தவறான காண்டெக்ஸ்டிடம் கேட்டிருக்கலாம். செயலி தரவிறக்கிய பக்கத்தில், திரை தமிழில் இருக்கிறது, இன்ன அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது என்று எழுதுங்கள். எழுதியவருக்கு எங்கே தேட வேண்டும் என்று புரிந்துவிடும். திருத்தம் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடியும்.